வாசல் பெருக்கும் வேஷம்

1. லிஸ்ட்

திருப்பதி–சித்தூர் சாலையில் ஒரு தனியார் வரலாற்றுப் பூங்கா. அதில் ஒன்பது வருடமாக உடை அறை என் பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். அரண்மனை மாதிரி போட்ட செட்டில் அந்தக் காலத்து உடை உடுத்தி, ஒரு நாள் முழுக்க அந்தக் காலத்து ஆட்களாக இருப்பார்கள். ராஜா, மந்திரி, ஓலை படிப்பவர், காவலாள், வாசல் பெருக்குபவர். 'லிவிங் ஹிஸ்டரி' என்று இதற்குப் பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது.

யாருக்கு எந்த வேஷம் என்று பள்ளிதான் முடிவு செய்யும். முதல் நாளே வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வந்துவிடும். அதைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூட்டை கட்டி, பெயர்ச் சீட்டைக் குத்தி வைப்பேன். யாருக்கு எது போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

2. சுமதி

போன வருடம் திருப்பதியிலிருந்து ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு வந்தது. சுமதி என்ற பெண் தன் மூட்டையைப் பிரித்தாள். ஒரு பழுப்புத் துணி, ஒரு துடைப்பம். நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஓலை படிக்கிறத எனக்குக் குடுக்கா. மொத்தமும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்துகிறேன். சொல்லட்டா?"

பூங்காவிலிருந்து வகுப்புக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்த தெலுங்கு ஓலை அது. ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னாள். அவளுடைய டீச்சரைக் கூப்பிட்டேன்.

"லேது மேடம், மாத்த முடியாது, லிஸ்ட் ஃபைனல். ஓலை கரஸ்பாண்டன்ட் சார் பேரனுக்கு. இவ அப்பா தெரு பெருக்கறவரு. இவளுக்கு அது நேச்சுரலா வரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாசலில் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "நாடகம்தானே கண்ணு, கட்டிக்கோ" என்று அவள் இடுப்பில் நானே துணியைச் சுற்றி முடிந்தேன்.

சுமதி பெருக்கினாள். ராஜா வேஷக்காரப் பையன் வேர்க்கடலைத் தோலை அவள் பெருக்கிய இடத்திலேயே போட்டான். "ஏய், இன்னா பாத்துக்கினு நிக்கிற? பெருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் போட்டோ எடுத்தார்.

3. பச்சை ஜாக்கெட்

அந்தப் போட்டோ பெற்றோர் குரூப்புக்குப் போனது. பத்து நாள் கழித்து சுமதியின் அப்பா டூட்டி முடிந்து, துப்புரவுப் பணியாளர்கள் போடும் பச்சை ஜாக்கெட்டோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போமாட்டேன்றா மேடம். கிளாஸ்ல எவன் பேப்பர் கீழ போட்டாலும் அவளத்தான் கூப்புடுறானுங்களாம். நான் பெருக்கிக்கினுகிறது போதாதா? அவள பஸ்ஸு ஏத்தி இட்டாந்து எதுக்குப் பெருக்க வெச்சீங்க?"

"மூட்டை கட்டினது நான்தான்" என்றேன்.

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனோம். ஹெச்.எம். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "டிராமாவப் போயி இவ்ளோ சீரியஸா எடுத்துக்கினா எப்டிப்பா?" என்றார். நான் திரும்பி வருவதற்குள் எங்கள் மேனேஜருக்குப் போன் வந்துவிட்டது.

"ஸ்கூலுக்குப் போயி நியாயம் கேக்க நீ யாரு? உன் வேல துணி மடிக்கிறது."

"இனிமே சீட்டுக் குலுக்கிப் போடலாம் சார். யாருக்கு எது வருதோ அது."

"கரஸ்பாண்டன்ட் பேரன் கையில துடப்பம் வந்தா அடுத்த வருஷம் பஸ் உங்க வீட்டுக்கா வரும்?"

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸிலிருந்து சீட்டுக் குலுக்க ஆரம்பித்தேன். இரண்டு பள்ளிகள் புகார் எழுதின. எனக்கு மெமோ வந்தது.

ஆறு மாதம் கழித்து சுமதியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். "நகரி ஊர்ல அவ அத்த வூட்ல விட்டுகிறேன் மேடம். தறிக்கு நூல் சுத்திக்கினுகிறா. ஸ்கூலுன்னாலே எழுந்து போய்டறா" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். லிஸ்ட் வந்தால் மூட்டை கட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள். தப்பு என்று பட்டால் கட்டாதீர்கள். பஸ் காத்திருக்கட்டும். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கினேன், ஆனால் நேரம் கடந்து. அன்றைக்குக் காலையிலேயே அதை வாங்கியிருந்தால், சுமதி இப்போது ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்.