ஆமென் சொல்லாத மாலை

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ போய்விடுவாள். பூக்கட்டும் விரல்கள் அப்படியே நிற்கும். கண் திறந்திருக்கும். தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள்போல முகம் லேசாகச் சாயும். வெளியே மின்சார ரயில் கடந்து போவதற்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடுக்க ஆரம்பிப்பாள். போய்வந்தது அவளுக்கே தெரியாது. வலிப்பில் இது ஒரு சின்ன வகை என்று டாக்டர் சொல்லி, காலையில் போட ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்.

எண்பதுகளின் நடுவில் அது. கிழக்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பாரிமுனைப் பக்கம் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். அவர் குரல் எழுந்தால் கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு சனிக்கிழமை, குரோம்பேட்டையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் அவர் அம்மாவும் மட்டும். அப்பா இல்லாத பையன், பேங்கில் வேலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ஈர வேப்பிலை வாசனை வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சுலபமாக நடந்தது. அந்த அம்மா தான் கொண்டுவந்த மல்லிகையை அக்காவின் தலையில் வைத்துவிட்டார். கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பதை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்றுகூடப் பேசினார்கள். அக்காவின் வலிப்பைப் பற்றி அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை. அக்கா இரண்டொரு முறை வாயெடுத்தபோது அம்மா பலகாரத் தட்டை அவள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

அவர்கள் போனதும் வழக்கம்போல குடும்ப ஜெபம். அப்பா நீளமாக நன்றி சொல்லி முடித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். அக்காவின் குரல் மட்டும் கேட்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்தார்.

“ஏம்மா, பையனைப் பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்குப்பா. ஆனா அவங்ககிட்ட மறைச்சு முடிச்ச காரியத்துக்கு நான் எப்படிப்பா ஆமென் சொல்றது?”

அம்மா அழத் தொடங்கினாள். அப்பா வாதாடிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை, நாம் பொய் சொல்லவில்லை, கேட்காததையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அக்கா தன் தலையிலிருந்த மல்லிகையை எடுத்து, ஒரு தட்டில் வைத்து ஈரத்துணியால் மூடினாள்.

மறுநாள் கோயிலில் அப்பா வேதபாடம் வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு வசனத்தின் நடுவில் நின்றுவிட்டார். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. வண்ணக் கண்ணாடி வழியே விழுந்த நீல வெளிச்சத்தில் அவர் முகம், தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல இருந்தது. பிறகு மீதியை, பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் வாசித்து முடித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் யாருடனும் நிற்கவில்லை. “வாம்மா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்” என்றார் அக்காவிடம். என்னையும் கூட வரச் சொன்னார். காலியான ரயில் பெட்டியில் வெயில் கட்டங்கட்டமாக எங்கள் மடிமீது ஊர்ந்து வந்தது. 

குரோம்பேட்டை வீட்டில் அப்பா உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். பையன் தரையைப் பார்த்தபடி நின்றார். “நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றார் அவர் அம்மா. “சொல்லியிருக்கணும்” என்றார் அப்பா.

அப்போது பின்கட்டு அறையிலிருந்து யாரோ முனகிப் பாடுவது கேட்டது. வார்த்தையில்லாத பாட்டு. அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த அம்மா எழுந்து போய் வெளித்தாழ்ப்பாளை நீக்கினார். என் வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். முகம் மட்டும் சின்னக் குழந்தையுடையது.

“நாங்களும் ஒண்ணு சொல்லலை” என்றார் அந்த அம்மா. “இவ என் பொண்ணு. இவளை உள்ள விட்டுப் பூட்டிட்டுத்தான் வாராவாரம் கோயிலுக்குப் போறோம்.”

அந்தப் பெண் நேராக அக்காவிடம் வந்து அவள் வளையல்களைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். நேரம் போனதே தெரியவில்லை. பெரியவர்கள் அழுவதும் பேசுவதும் எங்கோ தொலைவில் நடப்பதுபோலக் கேட்டது.

அன்றே எதுவும் முடிவாகிவிடவில்லை. பல வாரங்கள் ஒரு செய்தியும் வரவில்லை. அம்மா சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தாள். அக்கா மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு அடைமழையில் ஒரு மாலை, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் பையன் தனியாக வந்தார். டாக்டரைப் பார்த்துப் பேசியதாகவும், தனக்குப் பயம் எதுவும் இல்லை என்றும் அப்பாவிடம் சொன்னார். தங்கையை மறைத்துவைத்த வெட்கத்தில்தான் இத்தனை நாள் வர முடியவில்லையாம். அம்மா துண்டை எடுத்துக்கொடுத்துவிட்டு, காபி போட ஓடினாள்.

கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. மாப்பிள்ளையின் தங்கை முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பாடும்போது அவளும் தன் ராகத்தில் உரக்கப் பாடினாள். தலைகள் திரும்பின. அவள் அம்மா வாயைப் பொத்தக் கையை உயர்த்தி, பிறகு அந்தக் கையை மகளின் தோளில் போட்டுக்கொண்டார்.

தொண்ணூறுகளில் அக்கா குடும்பத்தார் செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்டிப் போனார்கள். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேதபாடத்தை அந்தத் தணிந்த குரலிலேயே வாசித்துவந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காபி டம்ளர் காலியாவதற்குள் என் முன்கோபத்தைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். இருந்தும் சம்மதித்தார்கள்.