கையைத் தூக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். என் தம்பி கீரன் சாட்சி. அவனிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவான். அதுவே போதும்.

என் பெயர் நெரிடா. சிட்னியில் பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்கிறோம், நானும் அவனும். போன ஜூன் மாதம், நல்ல குளிர்காலம். மில்லர்ஸ் பாயிண்டில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகளில் ஒன்றில் வேலை. பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் வீடு. ஓர் ஆணியைப் பிடுங்கவும் அனுமதி வேண்டும். கீரன் மாடியில் இருந்தான். நான் தெருமட்டத்துக்குக் கீழே இருந்த சமையலறையில்.

பகல் மூன்று மணி இருக்கும். வெளியே மழை.

சுவரில் அடுக்கடுக்காகப் பெயிண்ட். பச்சை, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதையும் சுரண்டிச் செங்கல் தெரிய வைத்துவிட்டு, அடுத்த சுவருக்குத் திரும்பினேன்.

சளப்... சளப்...

ஈரத் தூரிகையைச் சுவரில் அடிக்கும் சத்தம்.

"கீரன்! அதுக்குள்ள என்னடா பூசற? இன்னும் சுரண்டியே முடியல!"

மேலிருந்து பதில் வந்தது. "நான் எங்க பூசறேன்? சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்கேன். உன் வேலை பிடிக்காம பேய் வந்து திருத்துதோ என்னவோ!"

சிரித்தேன். சத்தம் நின்றது.

பிறகுதான் வாடை வந்தது. புதுச் சுண்ணாம்பு வாடை. மூக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

நான் சுரண்டி முடித்த சுவர் வெள்ளையாக இருந்தது.

ஈரமாக. சொட்டிக்கொண்டு.

விரலால் தொட்டேன். சுட்டது. நிஜச் சுண்ணாம்பு.

பின்னால் ஒரு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். டங்.

விளக்கு அணையவில்லை. கதவு ஆடவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நின்றார்கள், அவ்வளவுதான். மூச்சுச் சத்தம் கேட்டது. நாள் முழுக்க உழைத்துச் சலித்த ஆளின் மூச்சு.

"கையைத் தூக்கு."

ஆண் குரல். அதட்டல் இல்லை. ஆயிரம் பேரிடம் சொல்லி அலுத்த குரல்.

தூக்கினேன். ஏன் தூக்கினேன்? இன்றுவரை தெரியாது.

வலது அக்குளில் விரல்கள். தடித்த கோட்டு போட்டிருந்தேன். ஆனால் விரல்கள் தோலில் பட்டன. பனிக்கட்டி போல... அழுத்தின. நகர்ந்தன.

இடது அக்குள்.

அங்கே நின்றன.

ஓரிடத்தில்... திரும்பத் திரும்ப... அழுத்தின.

"ம்."

வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. காலடிகள் படியேறின.

மேலே. கீரனிடம்.

சுவரைப் பிடித்து, படியில் தவழ்ந்தே ஏறினேன்.

அறை நடுவில் கீரன். கண்கள் மூடியிருந்தன.

இரண்டு கைகளும் மேலே.

சாண்ட்விச் தரையில் கிடந்தது.

"கீரன்!"

கண் திறந்தான். "யாரோ என் கக்கத்துல கையை வச்சாங்க, நெரி... உடனே எடுத்துட்டாங்க. உனக்கு?"

கருவிகளை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினோம்.

வீட்டில் கோட்டைக் கழற்றினேன். கோட்டு சுத்தம். சட்டையும் சுத்தம். இடது அக்குளில், தோலின் மேல், விரல் விரலாக வெள்ளைச் சுண்ணாம்பு.

"டாக்டர்கிட்ட போ" என்றான் கீரன். "போகலைன்னா நான் தூக்கிட்டுப் போவேன்."

போனேன். கட்டி இருந்தது. பட்டாணி அளவு. நல்ல கட்டி இல்லை. வெட்டி எடுத்தார்கள். மருந்தில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் திரும்ப முளைக்கிறது. சீக்கிரம் வந்ததால் பிழைத்தேன் என்றார் டாக்டர். நானும் அந்தக் கைக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம்வரை.

விட்டுவந்த கருவிகளைத் திரும்ப வாங்க, அந்த வீட்டு வேலைகளைக் கவனிக்கும் லாங்கிடம் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் காலத்துல பிளேக் வந்தப்ப அந்தத் தெருவுல வீடு வீடா நுழைஞ்சு கக்கத்தைத் தடவிப் பாப்பாங்களாம். கட்டி இருந்தா ஆளைப் படகுல ஏத்தித் தனிமை முகாமுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க" என்றார். "உங்களுக்கு முன்னாடி வாசில்னு ஒருத்தன் அங்க பூச்சு வேலை பாத்தான். அவனும் இதையேதான் சொன்னான். குடிச்சிருக்கான்னு நினைச்சேன். செப்டம்பர்ல செத்துட்டான். கக்கத்துல கட்டி."

"பாவம். முன்னாடியே பாத்திருந்தா பிழைச்சிருப்பாரே?"

லாங் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தாங்களே, நெரிடா. அந்த வீட்டுக்குள்ள போறதுக்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில அவன் உடம்பு முழுக்கப் பாத்தாங்க. அப்ப அங்க ஒண்ணுமே இல்ல."