அஞ்சரை மணி மீட்டிங்

சாயங்காலம் ஆனால் கீழே டீக்கடையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காயும் வாசனை எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏறி வரும்... எல்லோருக்கும் நாக்கு ஊறும். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும்.

மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சென்னைக்கு ஓடாமல் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்த சந்தோஷத்தில் சேர்ந்திருந்தேன். ஜெர்மனியில் ஒரு கம்பெனியின் கிடங்குக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். கோடிங் செய்ய நானும் தரணேந்திரனும். எங்களுக்கு மேலே முரளி சார்.

மதியத்துக்கு மேல்தான் வேலை சூடு பிடிக்கும். எதைத் தொட்டால் எது அசையும் என்று மனசுக்குள் படமாக ஓடும். சரியாக அப்போது சார் கையைத் தட்டுவார்.

"வாங்க வாங்க... கால் ஆரம்பிக்கப் போவுது."

அவ்வளவுதான், படம் கலைந்துவிடும்.

ஜெர்மனியிலிருந்து மார்த்தா மேடம் பேசுவார். பின்னால் கார் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம். இழுத்து இழுத்து இருட்டியபிறகுதான் முடியும். கடைசியில் மேடம் சின்னதாக ஒரு மாற்றம் கேட்பார். "இன்னைக்கே முடிச்சிடறோம்" என்று சார் சொல்லிவிடுவார். அதைத் தரணி அவசரமாக முடித்துவிட்டு ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பான். காலையில் வந்து பார்த்தால் அது வேறு எதையோ உடைத்து வைத்திருக்கும். அதைச் சரி செய்வதிலேயே பாதி நாள் போய்விடும்... மறுபடி பஜ்ஜி வாசனை, மறுபடி மீட்டிங்.

"அந்தப் பையனுக்கு கவனம் கம்மி. இந்த மாசம் பாக்கறேன், இல்லனா வேற ஆளுதான்" என்று சார் என்னிடம் சொன்னார்.

எனக்குத் திக்கென்றது. பகலில் தரணி எழுதியதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. சாயங்காலம் மட்டும் என்ன ஆகிறது இவனுக்கு?

அன்றைக்கு மீட்டிங் முடிந்ததும் கவனித்தேன். அவன் டிபன் பாக்ஸ் திறக்காமலே மேஜைமேல் இருந்தது.

"சாப்டுட்டு வேலையப் பாரு தரணி."

"இருட்டிடுச்சுக்கா."

"அதுக்கு?"

தயங்கித் தயங்கிச் சொன்னான். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டார்கள். அவன் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்று அம்மா ராத்திரிச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுக்கிறார். சாப்பிட இருந்த ஒரே நேரத்தைத்தான் மீட்டிங் தின்றுகொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டதோடு மறுநாள் காலை வரை பட்டினி.

"சார்கிட்ட சொல்றதுதானே?"

"எனக்காக மீட்டிங்க மாத்துவாங்களாக்கா? கிண்டல்தான் பண்ணுவாங்க. விடுங்க."

என்னால் விட முடியவில்லை. மறுநாள் சாரிடம் போனேன். தரணியின் பெயரைச் சொல்லாமல், நேரத்தை முன்னால் வைக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

"கிளையண்ட்டுகிட்ட போய் நேரத்த மாத்துன்னு சொல்றதா? நல்லாருக்கே!" என்றார்.

அந்த வாரமே பௌர்ணமி. வேலூர் போயிருந்த சார் திரும்பி வரும்போது, கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். போன் செய்தார்.

"நீங்களே பேசிடுங்க. ஜாஸ்தி பேசாதீங்க... அவங்க சொல்றத கேட்டுக்கோங்க, போதும்."

மீட்டிங் தொடங்கியது. வழக்கம்போல் குழந்தை அழுதது. மேடம் ஒரு நிமிஷம் என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... உங்களுக்கு இந்த நேரம் வசதிதானா என்று கேட்டுவிட்டேன். தரணி பக்கத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அது பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிற நேரமாம். தினமும் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறாராம். பசியில் பையன் கத்துவானாம். உங்களுக்கு இதுதான் தோது என்று சார் சொன்னதால் ஒத்துக்கொண்டேன், என் காலை நேரத்துக்கே வைத்துக்கொள்வோமே என்றார். எங்களுக்கு அது மதியச் சாப்பாடு முடிகிற நேரம்.

அன்றைக்கு சீக்கிரமே முடித்துக்கொண்டோம். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தரணி பாக்ஸைத் திறந்தான். எலுமிச்சம்பழச் சாதம்.

"கொஞ்சம் எடுத்துக்கோங்கக்கா" என்று மூடியில் வைத்து நீட்டினான். அவன் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் நானே மூச்சு விட்டேன்.

சாருக்குக் கோபம்தான். "நான் இல்லாதப்ப அப்படி இன்னா அவசரம்?" என்று கேட்டவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் காலையில் உடைந்து கிடப்பது நின்றுபோனது. அந்த மாசம் முடிந்தது, வேறு ஆள் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இப்போது வேறு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. குழுவில் பாதிப் பேரின் முகமே தெரியாது. பக்கத்து மேஜையில் ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் கண்ணில் படும்... இப்போது அதற்கு வழியில்லை. அது ஒன்றுதான் குறை.

அதனால் மீட்டிங் போடுவதற்கு முன்னால் எல்லோரையும் கேட்டுவிடுகிறேன். போன வாரம் புதுசாகச் சேர்ந்த பெண் ரொம்ப நேரம் யோசித்து, "அரை மணி தள்ளி வச்சா நல்லாருக்கும் மேடம்" என்று அனுப்பியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தள்ளி வைத்தோம்... ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.