அடியில் ஓட்டை போட்ட சிமிழ்

என் மனைவி தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, நசுங்கிப்போன ஒரு பித்தளைச் சிமிழிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசுகிறாள். நானும் குனிந்து காட்டுகிறேன். எங்கள் ஒரே மகளின் உயிரை எடுத்தது அந்தச் சிமிழ்தான். எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையிலும் நினைக்கிறேன்.

நான் காரைக்குடியில் டவுன் பஸ் ஓட்டியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், குன்றக்குடிக்கு முந்தைய வளைவில் பிரேக்கை மிதித்தேன், இறங்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தது. பக்கத்து வயலில் வண்டியை இறக்கி எப்படியோ நிறுத்தினேன். யாருக்கும் காயமில்லை. இறங்கிய சனங்கள் பாட்டிலை உருளவிட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பாட்டில் என்னுடையது என்பதை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காலடியில் ஒரு துரும்பு கிடந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன். டேஷ்போர்டில் வைத்திருந்த குன்றக்குடி முருகன் திருநீற்றுச் சிமிழுக்கும் அடியில் ஓட்டை போட்டு, ஸ்குரூ வைத்து முடுக்கிவிட்டேன். முருகனையே ஸ்குரூ போட்டு வைத்திருக்கும் ஆள் என்று டெப்போவில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு வண்டி கொடுத்தால் சிமிழும் ஸ்குரூவும் என்னோடு வரும். ஓய்வு பெற்ற நாளில் மாலையைக்கூட டெப்போவிலேயே விட்டுவிட்டு, அதை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்த நேரம் அது. அப்பன் தரையில் ஓட்டினான், மகள் ஆகாயத்தில் ஓட்டப்போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். விடுமுறைக்கு வந்தவள் கிளம்பும்போது, ஓட்டையை மெழுகால் அடைத்து, குன்றக்குடித் திருநீறு நிரப்பி, சிமிழை அவள் கையில் கொடுத்தேன். பறக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்றேன். அவள் வாங்கத் தயங்கினாள்.

"அப்பா, பையில எதையும் வச்சுக்கிட்டு ஏறக்கூடாது. விழுந்து எங்குட்டாவது போய்ச் சிக்கிக்கிரும். உங்க வண்டியில பாட்டில் சிக்குச்சுன்னு சொல்லுவீகள்ல, அதே கதைதான்."

"பாட்டிலும் சாமியும் ஒண்ணா, ஆத்தா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். நான் கோபித்துக்கொண்டால் அவளுக்குத் தாங்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். சிமிழைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன் அப்பா என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் ஜெயித்துவிட்டேன்.

போன் வந்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பேசியவர் இந்தியில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினார். எனக்கு விளங்கியது அவள் பெயர் மட்டும்தான். விளங்காமலே புரிந்துவிட்டது. சர்க்கரைப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர், நகருங்கள் என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. கோட்டையூரில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் தினமும் என் பஸ்ஸில் பள்ளிக்குப் போனவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். அன்றைய பாடம், வேகம் குறைந்து விமானம் கீழே சரியும்போது அதை மீட்பது. கட்டுப்பாட்டுக் குச்சியை முதலில் முன்னால் தள்ள வேண்டும், வேகம் பிடித்ததும் பின்னால் இழுக்க வேண்டும். முன்னால் போன குச்சி பின்னால் வரவில்லை. இறுகிவிட்டது என்று பயிற்சியாளர் ஒரே ஒரு முறை ரேடியோவில் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்த மனிதருக்கும் குடும்பம் இருந்தது.

குச்சிக்கு அடியில், தரைக்குக் கீழே கம்பி ஓடும் இடத்தில், சின்ன உலோகச் சிமிழ் ஒன்று நசுங்கிக் கிடந்ததாம். அதில் இருந்த கீறலும் கம்பியில் இருந்த கீறலும் பொருந்தினவாம். விமானம் சரிந்தபோது யாருடைய பையிலிருந்தோ நழுவியிருக்க வேண்டும், குச்சியைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்ததால் உள்ளே போயிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். படமும் போட்டிருந்தார்கள். சிமிழின் அடியில் ஒரு ஓட்டை இருப்பதற்குக் காரணம் தெரியவில்லை என்று படத்தின் கீழே ஒரு வரி. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை எங்கேயாச்சும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன்.

கடைசிப் பக்கத்தில் பாடங்கள் இருந்தன. ஏறும் முன் பைகளைக் காலி செய்ய வேண்டும், உறை கிழிந்திருந்தால் விமானத்தை எடுக்கக் கூடாது, இறங்கும்போது கொண்டுபோன பொருள்களைச் சரிபார்க்க வேண்டும். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல ஒரு வருட விசாரணையா? எந்த டெப்போ வாசலில் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே. நானே சொல்லியிருப்பேனே. கிழிந்த உறையைப் பிடித்துக்கொண்டு சில நாள் அந்தப் பள்ளிக்காரர்களைத் திட்டிப் பார்த்தேன். உறை கிழிந்ததற்கு அவர்கள் பொறுப்பு. சிமிழுக்கு யார் பொறுப்பு?

அறிக்கையில் என்ன போட்டிருக்கிறது என்று மனைவி கேட்டாள். மெஷின் கோளாறு என்றேன்.

அடுத்த மாதம் மகளின் பொருள்கள் பார்சலில் வந்தன. பயிற்சியாளர் வீட்டார் தங்களுடையது இல்லை என்றதால் சிமிழும் அதில் இருந்தது. நான் வெளியே போயிருந்தேன், அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். திரும்பி வந்தபோது சிமிழைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் திருநீறு நிரப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். மூடி இல்லை. ஓட்டையை மறுபடியும் மெழுகு வைத்து அடைத்திருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவள் நெற்றியில் பூசி முடித்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "இந்தச் சிமிழு..." என்று தொடங்கினேன். அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"உங்ககிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்குங்க. பிள்ளை போறதுக்கு முந்துன நாளு போன் பேசுறப்ப, சிமிழை ரூம்லயே வச்சுட்டுத்தான் பறக்கப் போறேன்னு சொன்னா. அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு நொந்துபோவாக, நாளைக்கு எடுத்துட்டுப் போடின்னு நாந்தான் திட்டுனேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை திட்டுனேன். இல்லாட்டி கடைசி நேரத்துல பிள்ளை முருகன்கூட இல்லாம தனியாவுல்ல போயிருப்பா. அதை நெனச்சுத்தாங்க நான் உசுரோட இருக்கேன்."

பிறகு, நீங்கள் என்னவோ சொல்ல வந்தீர்களே என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பூசியது கலைந்துவிட்டது என்றேன். அவள் சிமிழை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். நான் குனிந்தேன்.