அட்டையின் பின்பக்கம்

இன்ஸாஃபுக்கு அரைகுறை வேலை ஆகவே ஆகாது. மன்ஸூரா நகர நூலகத்தில் இருபத்தாறு வருடமாகப் பட்டியல் எழுதுகிறவள். ஒரு புத்தகம் வந்தால் பக்கம் எத்தனை, உயரம் எத்தனை சென்டிமீட்டர், படம் உண்டா, கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்து அட்டையில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவளுக்குக் கல்யாணம் கூடி வராததற்கும் இதுதான் காரணம் என்பார் வாசிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வகீஹ். நூலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அப்லா', அதாவது அக்கா.

"மாப்பிள்ளை வந்தப்ப ஸ்கேல் எடுத்து அளந்திருப்பீங்க அப்லா."

"அளந்தேன். குறைவா இருந்தார்" என்பாள் இன்ஸாஃப், தலையை நிமிர்த்தாமல்.

அந்த வருடம் கெய்ரோ தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. நூலக ஊழியர்கள் எல்லோரும் இணையத்தில் புழங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாடம், கடைசியில் சான்றிதழ். பாடம் முடிந்ததும் அட்டைப் பெட்டிகளை எல்லாம் அப்புறப்படுத்திவிடலாம் என்றும் சுற்றறிக்கையின் அடியில் ஒரு வரி இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் நெர்மீன். முப்பது வயது, நல்ல பெண், ஆனால் பேச்சு ரயில் வேகம். "பயப்படாம எதை வேணாலும் அமுக்கிப் பாருங்க. இதெல்லாம் விளையாட்டு மாதிரி" என்றாள். பென்ஷனை எண்ணிக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்து விளையாடச் சொன்னால் எப்படி இருக்கும்? சிலர் பயந்தே சுட்டியைத் தொடவில்லை. வகீஹ் மட்டும் வலைப்பூ ஒன்று ஆரம்பித்து, தினமும் என்ன சாப்பிட்டார் என்று எழுதினார். கத்திரிக்காய் வறுவலைப் பற்றி எழுதிய அன்று நாற்பது பேர் படித்தார்கள். இன்ஸாஃப் புத்தகங்களுக்கு எண் போடும் முறையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாள். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

அது அவளைக் குத்தியது. வெளியே சொல்லவில்லை, ஆனால் குத்தியது.

ஐந்தாம் வாரப் பாடம், படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி ஏற்றுவது. மற்றவர்கள் பூனையையும் நைல் பாலத்தையும் எடுத்தார்கள். இன்ஸாஃப் தன் அட்டைகளை எடுத்தாள். குப்பைக்குப் போகிற பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஊர் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு. பன்னிரண்டு அட்டை, ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். வேறு யாராக இருந்தாலும் முன்பக்கத்தோடு விட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வேறு எந்தெந்த இழுப்பறையில் அட்டை இருக்கிறது என்ற விவரம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கம் இல்லாத அட்டை அவளுக்குப் பாதி அட்டை. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், நூலகம், பொருள் என்று கேட்ட கட்டத்தை எல்லாம் நிரப்பினாள். திங்கட்கிழமை வேலை முடியும் நேரத்துக்கு எல்லாம் மேலே ஏறியிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை வந்து திறந்தபோது அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஊரின் இளைஞர் பக்கம் ஒன்று 'நம்ம நூலகத்தின் பொக்கிஷம்' என்று எடுத்துப் போட்டிருந்தது. வகீஹ் ஓடி வந்து, "என் கத்திரிக்காயைத் தோற்கடிச்சுட்டீங்களே அப்லா" என்றார். இன்ஸாஃபுக்கு முகமெல்லாம் சூடாயிற்று. இத்தனை வருடத்தில் அவள் கையெழுத்தை ஒருவர் மெச்சியது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கருத்தாக ரசித்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

ஏழாவது அட்டையின் பின்பக்கப் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இது நம்ம மினிபஸ் மெத்வல்லி பொண்டாட்டிதானே? இது அவருக்குத் தெரியுமா?" பின்னாலேயே நான்கு பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

இன்ஸாஃப் படத்தைப் பெரிதாக்கினாள். குலா கேட்டு மணவிலக்குப் பெற விரும்பும் பெண்ணுக்கான சட்டக் கையேடு. அதன் அட்டையின் பின்பக்கம், கீழே, பென்சிலில், அவளுடைய சொந்தக் கையெழுத்து: 'ஸபரீன் மெத்வல்லி. செவ்வாய் 12. இங்கேயே படிப்பாள். வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது.'

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத புத்தகத்தைப் படிக்க வரும் பெண்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களுக்காக அந்தப் புத்தகத்தை மேசைக்குக் கீழே தனியாக வைப்பாள். மறந்துவிடக் கூடாதே என்று அட்டைக்குப் பின்னால் பென்சிலில் ஒரு வரி. இழுப்பறையைத் திறந்து பின்பக்கம் புரட்டுகிறவள் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருடமாக அவள் மட்டுமே பார்த்த பக்கம் அது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பென்சில் தெரியவே இல்லை.

நீக்கப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. எல்லோருக்கும் பொதுவான அந்தக் கணக்கின் கடவுச்சொல் நெர்மீனிடம் இருந்தது. நெர்மீனின் போன் அணைந்திருந்தது. தலைமை அலுவலகத்தில், கூட்டத்தில் இருக்கிறாள் என்றார்கள். பிறகு இன்ஸாஃப் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம். ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தால் குழப்பம் வராமல் குறிப்பு எழுதுவார்கள். படத்தின் கீழே அவளும் எழுதினாள்: 'இவர் அதே பெயருடைய வேறு நபர். நூலக நிர்வாகம்.' அவள் ஆயுளில் எழுதிய முதல் பொய்க் குறிப்பு. எழுதிய உடனே அந்தப் படம் பக்கத்தின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. பத்து நிமிடத்தில் இருபது கருத்து. "நிர்வாகமே பதறுதுன்னா விஷயம் நிஜம்தான்" என்று ஒருவன் எழுதினான்.

"உஸ்தாஸ் வகீஹ், இதை இறக்குங்க. எப்படியாவது இறக்குங்க."

வகீஹ் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயில் வந்த கேலியை விழுங்கினார். "எதையும் தொடாதீங்க அப்லா. தொடத் தொட மேல வருது. நான் நெர்மீனைப் பிடிக்கிறேன்."

பதினொன்றரைக்கு நெர்மீன் அகப்பட்டாள். "நீக்கிட்டேன் அப்லா. சுத்தமா போயிருச்சு. இருந்த இடமே தெரியாது" என்றாள். இன்ஸாஃப் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிரே ஒரு ஆள் வந்து நின்றான். ஒல்லியானவன், சவரம் செய்த முகம், சட்டைப்பையில் மினிபஸ் சில்லறை கனத்துத் தொங்கியது. நான்காக மடித்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்து மெதுவாக நீவி விரித்தான். இணையக் கடையில் அச்செடுத்த படம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

"ஹாஜ்ஜா, என் வீட்டுக்காரி படிக்கிற புத்தகத்தை நானும் படிக்கணும்" என்றான் மெத்வல்லி. குரல் உயரவே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

ஸபரீனின் நாற்காலி எது என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, ஜன்னலோரம் போய் அதிலேயே உட்கார்ந்தான். கடிகாரம் பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு அவள் வருவாள். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுக்கப் போகிறாள் என்பது, இந்த ஊரில் அவள் அக்காவுக்கும் இன்ஸாஃபுக்கும் மட்டும் தெரிந்த செய்தி. இன்று காலை வரைக்கும்.

அவனை இங்கேயே பிடித்து வைக்க வேண்டும். அதற்கு இன்ஸாஃபிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் படிவத்தை எடுத்தாள்.

"உறுப்பினர் இல்லாம மேசைப் புத்தகம் தர முடியாது. இதை நிரப்புங்க. அப்பா பேர், தாத்தா பேர், அடையாள அட்டை எண், தொழில், ரெண்டு முகவரி. நீல மையில எழுதணும்."

"கறுப்புல எழுதிட்டேனே."

"அப்ப வேற படிவம் தர்றேன்."

வகீஹ் கேட்காமலே தேநீர் கொண்டுவந்து வைத்தார். "சர்க்கரை எத்தனை, மாஸ்டர்? புதினா போடவா? பஸ் எந்த லைன்?" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லி இன்ஸாஃப் பின்வாசல் வழியாக வெளியேறினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடியதை ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கரும்புச்சாறு கடை முனையில் ஸபரீன் வந்துகொண்டிருந்தாள், கையில் காய்கறிப் பை. இன்ஸாஃப் அவளைக் கடையின் பக்கவாட்டுக்கு இழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையெழுத்து, தன் படம், தன் வீம்பு. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சாக்குச் சொல்லவில்லை.

"அஞ்சு நாள் அப்லா" என்றாள் ஸபரீன். "இன்னும் அஞ்சே நாள்."

"தெரியும்மா."

"பேப்பர் எல்லாம் மாவு டப்பால இருக்கு. கல்யாணப் பத்திரம், நகை ரசீது எல்லாம். தெருவுல அவரு அம்மா உக்காந்திருப்பாங்க. இனிமே என்னால வீட்டுக்குள்ள போக முடியாது." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஹனா ஸ்கூல்ல இருக்கா. ஒரு மணிக்கு விடுவாங்க. செவ்வாய்னா அவரு பஸ்ஸை நிறுத்திட்டுக் கூப்பிடப் போவாரு."

இன்ஸாஃப் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். "என் வீட்டுச் சாவி. டாக்டர் வீட்டுக்கு மேல, மூணாவது மாடி. நீ போய் குழந்தையை இப்பவே கூட்டிட்டுப் போ. தலைவலின்னு சொல்லு, யாரோ செத்துட்டாங்கன்னு சொல்லு. அவரை நான் ஒரு மணி வரைக்கும் வச்சிருக்கேன்."

ஸபரீன் சாவியைப் பார்த்தாள். வேறு வழி இருந்திருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டாள் என்பது அவள் பார்வையில் அப்பட்டமாக இருந்தது. வாங்கிக்கொண்டு போனாள்.

உள்ளே மெத்வல்லி இரண்டாவது படிவத்தை முடித்திருந்தான். ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றாள் இன்ஸாஃப். வகீஹ் போட்டார். இரண்டு புகைப்படம் வேண்டும் என்றாள். பஸ் லைசென்ஸ் அட்டையைக் காட்டினான், அதை நகல் எடுக்க வைத்தாள், நகல் மங்கல் என்று இன்னொன்று எடுக்க வைத்தாள். பதிவேட்டில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். அதற்குள் பன்னிரண்டு நாற்பத்தைந்து. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"அவ வர மாட்டா, இல்ல?"

"யார் வர்றாங்க, யார் என்ன படிக்கிறாங்கன்னு நாங்க வெளிய சொல்றதில்ல."

மெத்வல்லி தாளை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ஊருக்கே சொல்லிட்டீங்களே ஹாஜ்ஜா" என்றான். வகீஹ் தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். வாசிப்பறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாக வேகமாக நடந்தான்.

இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்ஸாஃப் கிளம்பினாள். அந்த ஏழாவது அட்டை அவள் பைக்குள் இருந்தது, சுக்குநூறாக. மேசைக்குக் கீழே இருந்த கையேடும் இருந்தது. பதிவேட்டில் ஏற்றாமல் அவள் வெளியே எடுத்துவந்த முதல் புத்தகம். மூன்று மாடி ஏறினாள், ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்டாள். மேலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. பள்ளிக்கு அவன் முதலில் போய்ச் சேர்ந்திருந்தால்? பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிற தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"யாரு?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

மாடிப்படி முழுக்கக் கதவுகள். பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கதவோடு வாயை ஒட்டவைத்து, "நான்தான்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஸபரீன் திறந்தாள். பின்னால் சமையலறை மேசையில் ஹனா சீருடையோடு உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். காய்கறிப் பை அவிழ்க்காமல் சுவரோரம் இருந்தது. அந்தப் பையைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்க இன்ஸாஃப் வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அதற்குப் பதில் பையிலிருந்து கையேட்டை எடுத்து நீட்டினாள்.

"இங்கேயே வச்சுப் படிம்மா. பத்திரம் இல்லாம மனு கொடுக்க வழி இருக்கான்னு பார்ப்போம்."

ஸபரீன் வாங்கிக்கொண்டாள். திறக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கடைசி அட்டையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். தேதிச் சீட்டைத் தூக்கி அதன் அடியில் பார்த்தாள். எங்கும் பென்சில் எழுத்து இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.