சாருலதா படித்த புகார்கள்

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால், சாருலதா கைப்பேசிக்கு வந்த செய்தியை ஒரு முறை படித்துவிட்டு அதை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி உட்காருவார்கள். அவர் சொல்வது ஸ்லோகம் இல்லை. படித்ததை ஒரே வாக்கியத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். "ஒரு வரியில சொல்ல வரலைன்னா நான் இன்னும் அதைப் படிக்கலைன்னு அர்த்தம்" என்பார்.

உத்தியோகத்தில் வந்த பழக்கம் அது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில், ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் எழுதும் மனுக்களைப் படித்து, சாரத்தை ஓரத்தில் குறித்து அதிகாரிக்கு அனுப்புகிற வேலை. மனுக்கள் பக்கம் பக்கமாக வரும். முதல் பக்கம் முழுக்க வணக்கம், மரியாதை. அடுத்தது தன் பணிக்காலத்தின் பெருமை. அதற்கடுத்தது யார் மேலோ கோபம். கேட்க வந்த விஷயம் எங்குமே இருக்காது. சாருலதா பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதுவார்: 'இடமாற்றத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. மாற்றும் முன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம்.' அதிகாரி அந்த மனிதரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தேநீர் கொடுத்துப் பேசுவார். மனு அதோடு முடிந்துவிடும்.

சாருலதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கைப்பையில் ஒரு சின்ன டப்பா நிறைய வறுத்த வேர்க்கடலை. பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம், இவர் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். பேச்சு தமிழில் தொடங்கும், ஊர் உருதுவில் 'ஹவ்' என்று ஒப்புக்கொள்ளும், 'நக்கோ' என்று மறுக்கும், சுற்றிக்கொண்டு மறுபடி தமிழுக்கே வந்து சேரும். ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவர் கிட்டு, 'வர லேட் ஆகும், எனக்கு டிபன் வேண்டாம்' என்று செய்தி அனுப்பினால், "கேன்டீன்ல இன்னிக்கு மிர்ச்சி பஜ்ஜி" என்பார் சாருலதா. கிட்டு அதை மறுத்து நான் கேட்டதில்லை.

எப்போதும் சரியாகவே படித்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது. செகந்திராபாத்தை அடுத்த ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் யாதகிரி ஒரு நாள் காலையில், 'அம்மா, நீள்ளு லேவு' என்று அனுப்பினார். தண்ணீர் இல்லை என்கிறார். ஆனால் சாருலதாவுக்குச் சந்தேகம். தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரைப் போட வேண்டியதுதானே, இதை ஏன் நமக்கு எழுதுகிறார், சொல்ல வந்தது வேறு ஏதோ என்று யோசித்தார். ஊருக்குப் போக லீவு கேட்கத் தயங்குகிறார் என்ற முடிவுக்கு வந்து, கீழே போய், "போயிட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று தெலுங்கில் சொன்னார். யாதகிரி திருதிருவென்று விழித்தார். மோட்டார் எரிந்து போயிருந்தது. மேலே வீட்டுக்கு வீடு சோப்பு நுரையோடு ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சில சமயம் தண்ணி இல்லைன்னா தண்ணி இல்லைதான்" என்று இன்றைக்கும் சொல்லித் தன்னைத்தானே கேலி செய்து சிரித்துக்கொள்வார்.

வேறு யாரும் முன்வராததால் இவரே எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். எதிர்வீட்டில் இருக்கிற பாவத்துக்கு நான் துணைச் செயலாளர். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும் புகார்களை எல்லாம் நாங்கள் இருவரும்தான் படித்தாக வேண்டும். அவற்றில் பெரும்பகுதி, இரண்டாம் மாடியில் இருக்கும் பக்தவத்சலம் எழுதுபவை.

பக்தவத்சலம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்க்காரர். வீட்டில் அவரும் மனைவி வள்ளியம்மாளும் மட்டும். ஒரே மகன் ஜெகதீஸ்வரன் கனடாவில். யாரிடமும் அதிகம் பேசாத மனிதர் சென்ற கோடையிலிருந்து திடீரென்று எழுத ஆரம்பித்தார். மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. குப்பை வண்டி போன பிறகும் பின்பக்கச் சின்ன கேட் திறந்தே கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குப் பூட்டு இல்லை. வாசலை ஒட்டி ஆட்டோக்கள் நிற்கின்றன, நிற்கக் கூடாது. உள்ளே வருகிறவர்களை விசாரிக்கும் வாட்ச்மேன் வெளியே போகிறவர்களை ஏன் விசாரிப்பதில்லை? எல்லாம் அலுவலக ஆங்கிலத்தில், 'மிகவும் வருந்தத்தக்கது' என்ற முத்தாய்ப்போடு வரும். பதில் இல்லையென்றால் மறுநாளும் அதே வரும்.

குழுவில் இருந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. சென்னையிலிருந்து வந்து கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கும் சாய்கிருஷ்ணாவுக்கு எல்லாரையும்விட அதிகமாகவே போயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பக்தவத்சலத்தைக் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னான். "க்ளையன்ட் காலில் இருக்கேன் மேடம், டொக்கு டொக்குனு மெசேஜ். வெளிய போறவங்களை வாட்ச்மேன் கேக்கணுமாம். இது என்ன ஜெயிலா?"

மறுநாள் நாங்கள் சேர்ந்து போகும் பேருந்தில் சாருலதா அந்தப் புகார்களை எல்லாம் முதலிலிருந்து படித்தார். கைப்பேசியைக் கவிழ்த்தார். கண்ணை மூடினார். உதடு அசையவில்லை. மறுபடி எடுத்துப் படித்தார். ஈ.சி.ஐ.எல். சிக்னலில் பேருந்து நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"திருடனுக்குப் பயந்தவர்னா உள்ள வர்ற வழியைப் பத்தி எழுதணும். இவர் எழுதறது பூரா வெளிய போற வழி. மாடி, பின் கேட்டு, ஆட்டோ எல்லாமே. கவனிச்சேளா?"

நான் கவனித்திருக்கவில்லை.

"யாரோ வெளிய போயிடுவாளோ, எங்கயாவது விழுந்துடுவாளோன்னு பயப்படறார்" என்றார். டப்பாவைத் திறந்து கடலையை என்னிடம் நீட்டினார். அவரும் எடுத்துக்கொண்டார், ஆனால் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். எழுதுகிறவர் ஒருவர் என்றால் மற்றவர் யார் என்பது எனக்கும் புரிந்தது. வள்ளியம்மாளைக் கீழே பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை காலையில் இருவருமாக இரண்டாம் மாடிக்குப் போனோம். பக்தவத்சலம் கதவைப் பாதி திறந்து, உடம்பால் இடைவெளியை மறைத்தபடி நின்றார். "என்னம்மா விஷயம்? தீர்மானம்தானே, போடுங்க."

"அதுக்கு வரலை சார். பின் கேட்டுக்கு எந்த மாதிரி தாழ்ப்பாள் சரியா இருக்கும்னு உங்களைத்தான் கேக்கணும். எஞ்சினீயர் நீங்கதானே."

அவர் வழிவிடுவதற்குள், உள்ளேயிருந்து வள்ளியம்மாள், "யாரு கண்ணு, உள்ள வா, வாசல்ல நிக்காத" என்று கூப்பிட்டுவிட்டார். காபி வந்தது. "சர்க்கரை போதுமா கண்ணு?" என்று கேட்டார். போதும் என்றோம். தாழ்ப்பாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வள்ளியம்மாள் சமையலறைக்குள் போய், மறுபடி ட்ரேயோடு வந்தார். "இப்பதான் வந்தீங்களா? காபி குடிங்க. சர்க்கரை போதுமான்னு பாரு கண்ணு."

பக்தவத்சலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி டம்ளர்கள் எங்கள் முன்னாலேயே இருந்தன. சாருலதா இரண்டாவது டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்து, "போதும் ஆன்ட்டி. ரொம்ப நன்னாயிருக்கு" என்றார். முழுதும் குடித்தார். நானும் குடித்தேன்.

கிளம்பும்போது பக்தவத்சலம் எங்களோடு வராந்தா வரை வந்தார். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார். "அவ பள்ளிக்கூடம் நடத்துன மாதிரி குடும்பம் நடத்துனவம்மா. ஒரு தேதி மறக்க மாட்டா" என்றார். குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் இதை..."

"நீங்க எங்கிட்ட எதுவுமே சொல்லலையே சார்" என்றார் சாருலதா. "தாழ்ப்பாள் மட்டும்தானே சொன்னேள்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சாய்கிருஷ்ணா தீர்மானத்தைப் படித்தான். பக்தவத்சலம் வரவில்லை. சாருலதா எழுந்து, "அவரை நீக்கினா புகார் நிக்கும், கதவு அப்படியேதான் இருக்கும். அவர் சொன்னதை எல்லாம் செஞ்சுடுவோம். அப்பறம் எழுத அவர்கிட்ட என்ன இருக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. சாய்கிருஷ்ணாவும் சிரித்துவிட்டான். "சரி மேடம், அதுவும் நல்ல ஐடியாதான். ஆனா வெளிய போறப்ப கேக்கறது மட்டும்..."

"அது மொதல்ல" என்றார் சாருலதா. காரணம், பொதுப் பாதுகாப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்.

அந்த வாரமே மாடிக்குத் தாழ்ப்பாள் வந்தது, தொட்டி மூடிக்குப் பூட்டு வந்தது, பின் கேட் தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங் வந்தது. ஆட்டோக்கள் தெருமுனைக்குப் போயின. யாதகிரி போகிற வருகிற அத்தனை பேரையும் "எக்கடிக்கி சார்? எக்கடிக்கி அம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் முறைத்தவர்கள் பிறகு "மார்க்கெட்", "ஆபீஸ்" என்று சொல்லிக்கொண்டே போகப் பழகிக்கொண்டார்கள். இரண்டாம் மாடியிலிருந்து புகார் வருவது நின்றது.

மழைக்காலம் முடிந்த ஒரு விடுமுறை நாள். நடுப்பகலில் யாதகிரி சாருலதாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார். நாங்கள் இறங்கிப் போனபோது வள்ளியம்மாள் கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் மூடாத டிபன் டப்பா. உள்ளே பச்சரிசி. எங்கே போகிறீர்கள் என்று யாதகிரி கேட்டிருக்கிறார். ஸ்கூலுக்கு என்று பதில் வந்திருக்கிறது. "பையன் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டான். இந்த ஆளு கேட்டைத் திறக்க மாட்டேங்கறான், பாரு கண்ணு" என்றார் வள்ளியம்மாள். கனடாவில் இருக்கும் ஜெகதீஸ்வரனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.

நான் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சாருலதா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாப்பிடாம இருப்பானேன்னு கவலையா ஆன்ட்டி?"

"ஆமா. பசி தாங்க மாட்டான்."

"ஸ்கூல்ல இன்னிக்கு அரை நாள்தான். பஸ் இந்த கேட்டுக்கே வந்துடும். வந்ததும் சூடா சாப்பிடட்டும். அதுவரைக்கும் நாம ஒரு சுத்து நடந்துட்டு வருவோமா?"

வள்ளியம்மாள் யோசித்தார். டப்பாவை யாதகிரியிடம் கொடுத்தார். "பத்திரமா வெச்சிரு" என்றார். இருவரும் கைகோத்துக்கொண்டு, கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, வேப்ப மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். மகனுக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்று வள்ளியம்மாள் சொல்வதும், தனக்கும் பிடிக்காது என்று சாருலதா சொல்வதும் கேட்டன.

படியில் தடதடவென்று சத்தம். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் பக்தவத்சலம் ஓடி வந்தார். குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. பூட்டிய கேட்டைப் பார்த்தார். பிறகு வேப்ப மரத்தடியில் மனைவியைப் பார்த்தார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். வள்ளியம்மாள் அவரைக் கண்டு வேகமாக வந்தார்.

"இப்படி ஈரத்தலையோட வெளிய வரலாமா? சளி பிடிச்சா யாரு பாக்கறது?" என்று முந்தானையால் அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். தொழிற்சாலையில் நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவர், எல்லாரும் பார்க்கும் இடத்தில், தலையைக் குனிந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் குழுவில் வெகு நாளைக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கமான ஆங்கிலம். 'கேட்டருகே, நிழல் விழும் இடத்தில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் பார்வையாளர்களுக்கு வசதியாக இருக்கும்.' வருந்தத்தக்கது என்ற வரி இல்லை. உடனே சாய்கிருஷ்ணா, 'பார்வையாளர்கள் ஏன் சார் கேட்டில் உட்கார வேண்டும்?' என்று எழுதினான்.

அதை நான் படித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கதவு திறந்தது. சாருலதா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடியும் மெத்தையும் உள்ள நாற்காலி. நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டேன். கீழே போய், யாதகிரியின் நாற்காலிக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக, தோட்டத்தைப் பார்க்கும்படி போட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு திரும்பி வந்து, பள்ளிக்கூட பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாதகிரியிடம் கேட்டு, நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தார்.