முந்திக்கொண்டு போட்ட ஐந்து நட்சத்திரம்

இணைய ஏலத்தில் பழைய கடிகாரங்கள் விற்கும் பழுதுபார்ப்பவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். குறை சொன்னவர் ஒருவருமில்லை. அவரும் பணம் வந்ததுமே, பொருள் போய்ச் சேரும் முன்பே, வாங்கியவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, "நேர்மையான மனிதர்" என்றும் எழுதிவிடுவார்.

"அவசரக்குடுக்கைங்க நீங்க," என்பாள் மனைவி.

இன்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்: "இரண்டாம் நாளே நின்றுவிட்டது. ஏமாற்றுக்காரன்."

தினமும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. விற்பனை விளக்கத்திலேயே பழுதுபார்ப்பவர் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

"அந்தாளு புளுகுறான்னு பதில் எழுதுங்களேன்," என்றாள் மனைவி.

"எழுதினா எவன் நம்புவான்? அவன் நேர்மையானவன்னு பக்கத்துலயே நான் எழுதி வச்சிருக்கேன். போட்டது போட்டதுதானாம், இனி அழிக்க முடியாதாம்."